ஜீப் பேட்டரி 'டமார்' என வெடிப்பது ஏன்? டிரைவர்களே உஷார்!

போடி:

தேனி மாவட்டம் போடிநாயக்கனூரில் இருந்து தினமும் அதிகாலையில் ஏராளமான தொழிலாளர்கள் ஜீப்களில் ஏலத்தோட்ட வேலைக்கு செல்கிறார்கள். போடிமெட்டு மலைப்பாதையில் 17 கொண்டை ஊசி வளைவுகளை தாண்ட வேண்டும். விடியற்காலை குளிரில் ஜீப் ஸ்டார்ட் ஆக பேட்டரி நல்லா இருக்கணும். இதற்காக ராத்திரியே சார்ஜ் போட்டு விடுகிறார்கள். அங்குதான் ஆபத்து காத்திருக்கிறது.

தண்ணீரை பிரிக்கும் கரண்ட்

பேட்டரிக்குள் ஈயத்தகடுகளும், தண்ணீர் கலந்த கந்தக அமிலமும் உள்ளன. சார்ஜ் ஏறி முடிந்த பிறகும் கரண்ட் பாய்ந்துகொண்டே இருந்தால், அது தண்ணீரை ஹைட்ரஜன், ஆக்சிஜன் என 2 வாயுக்களாக பிரித்து விடும். மூடியை திறந்தால் 'குபுகுபு'வென குமிழி வருவது இதனால்தான். இதற்கு மின்னாற்பகுப்பு என்று பெயர்.

1800-ம் ஆண்டு இங்கிலாந்தில் நிக்கல்சன், கார்லைல் ஆகியோர் இப்படி தண்ணீரை பிரித்து காட்டினர். உப்புத்தண்ணீரில் கரண்ட் பாய்ச்சினால் குளோரின் கிடைக்கும். பிளீச்சிங் பவுடர் தயாராவது அதில் இருந்துதான்.

ஒரு பொறி போதும்

காற்றில் 4 சதவீதம் ஹைட்ரஜன் கலந்தாலே, சின்ன பொறி பட்டதும் தீப்பிடிக்கும். பேட்டரி வெடித்து ஆசிட் முகத்தில் தெறிக்கும். கண்பார்வையே போய்விடலாம்.

என்ன செய்யணும்?

* பூட்டிய ரூமில் சார்ஜ் போடாதீங்க. காற்றோட்டம் அவசியம்.

* சார்ஜரை ஆப் செய்த பிறகே கிளிப்பை கழற்றணும்.

* பக்கத்தில் பீடி, சிகரெட் கூடாது.

* தண்ணீர் குறைந்தால் டிஸ்டில்டு வாட்டர் மட்டும் ஊற்றணும்.

* ஆசிட் கண்ணில் பட்டால் நல்ல தண்ணீரால் விடாமல் கழுவிவிட்டு, உடனே ஆஸ்பத்திரிக்கு போகணும்.

முக்கியமாக, இருட்டில் தண்ணீர் அளவு பார்க்க தீக்குச்சியை உரசாதீங்க. டார்ச் லைட்டே போதும்.