மேலைப் பாடல்களில் உட்பொருள் தேடுவோர்

தமிழகத்திற்கு வெளியே வாழும் நம் குடும்பங்களில் கூடத்தில் ஒரு இசையும் பிள்ளைகளின் அறையில் வேறு இசையும் ஒலிப்பது புதிதல்ல. கூடத்தில் சுப்ரபாதமோ சீர்காழியோ ஒலிக்கும். உள்ளே கல்லூரி செல்லும் மகன் கிதாரை வைத்துக்கொண்டு, தன் தந்தை பிறப்பதற்கு முன்பே வெளிவந்த ஏதோ ஓர் ஆங்கில ராக் பாட்டை மீட்டிக்கொண்டிருப்பான். 'இதற்கு என்ன அர்த்தம்?' என்று கேட்டால் வரும் பதில்கள்தாம் பெற்றோருக்கு வயிற்றில் புளியைக் கரைக்கும். 'இது சாத்தானைப் பற்றியதாம்', 'இது போதை மருந்துக்கு மறைபெயராம்', 'தட்டைத் திருப்பிச் சுழற்றினால் வேறு சொற்கள் கேட்குமாம்' என்பான். இந்த 'ஆம்' விகுதிகளில் எவை மெய், எவை கட்டுக்கதை என்று சற்றுப் பார்ப்போம்.

ஒரு பெற்றோரின் கடிதம் எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு 'லூயி லூயி' என்ற பாடலின் கதையே போதும். 1963 ஏப்ரலில் அமெரிக்காவின் போர்ட்லண்ட் நகரில் 'கிங்ஸ்மென்' என்ற இளைஞர் குழு அதைப் பதிவு செய்தது. ஒலிவாங்கி உயரத்தில் தொங்கியதால் பாடகர் ஜாக் ஈலி அண்ணாந்து நின்று கத்த வேண்டியிருந்தது. போதாக்குறைக்குப் பல்லில் கம்பி கட்டியிருந்தார். சொற்கள் குழறிப்போயின. குழறல் என்றால் கேட்பவர் தமக்கு வேண்டியதை இட்டு நிரப்பிக்கொள்ளலாம் அல்லவா? பள்ளி மாணவர்கள் ஆபாச வரிகளைத் தாங்களே எழுதி, 'இதுதான் உண்மைப் பாட்டு' என்று கைமாற்றிக்கொண்டார்கள். 1964இன் தொடக்கத்தில் இண்டியானா மாநில ஆளுநர் பாடலை ஆபாசம் என்றார். வானொலி நிலையங்கள் அதை ஒலிபரப்ப வேண்டாம் என்று கேட்டுக்கொள்ளப்பட்டது. மகள் வாங்கி வந்த இசைத்தட்டைப் பற்றி ஒரு பெற்றோர், அப்போது நாட்டின் அட்டர்னி ஜெனரலாக இருந்த ராபர்ட் கென்னடிக்கே கடிதம் எழுதினார்.

எஃப்.பி.ஐ. என்ற மத்தியப் புலனாய்வுத் துறை களத்தில் இறங்கியது. அதன் ஆய்வுக்கூடத்தில் தட்டை வேகமாகவும் மெதுவாகவும் சுழற்றிக் கேட்டார்கள். நூறு பக்கங்களுக்கு மேல் கோப்பு வளர்ந்தது. இரண்டு ஆண்டுகளுக்கு மேல் இழுத்தபின் கிடைத்த முடிவு, எந்த வேகத்தில் வைத்தாலும் சொற்கள் விளங்கவில்லை என்பதே! பாடலை ரிச்சர்ட் பெர்ரி என்பவர் 1955இல் எழுதியிருந்தார். ஒரு மாலுமி, தொலைவில் ஜமைக்காவில் இருக்கும் தன் காதலியை நினைத்து ஏங்குகிறான்; லூயி என்ற மதுக்கடைக்காரரிடம் புலம்புகிறான். அவ்வளவுதான் பாட்டு. பிழைப்புக்காகக் கடல் கடந்தவனின் பிரிவுத் துயர் அது. நமக்கு எளிதில் விளங்கக்கூடியது. பெர்ரி அந்தப் பாடலில் தமக்கிருந்த உரிமையைத் தம் திருமணச் செலவுக்காக 750 டாலருக்கு விற்றிருந்தார் என்பது இந்தக் கதையில் சிரிக்க முடியாத பகுதி.

உட்பொருள் தேடுவதே வீண் வேலை என்று இதனால் தள்ளிவிடவும் முடியாது. உள்ளுறை உவமம் என்றும் இறைச்சி என்றும் தொல்காப்பியம் பெயரிட்டு இலக்கணம் சொன்ன மொழி நம்முடையது. கவிஞன் உள்ளே வைத்தது வேறு, படிப்பவன் மேலே ஏற்றியது வேறு என்ற பாகுபாட்டை நம் உரையாசிரியர்களின் சச்சரவுகளிலேயே பார்க்கலாம். ராக் பாடல்களுக்கும் அந்த அளவுகோல் பொருந்தும்.

உள்ளே வைத்ததற்குச் சிறந்த எடுத்துக்காட்டு, நம் பிள்ளைகள் கிதாரில் விரும்பி மீட்டும் 'ஹோட்டல் கலிபோர்னியா'. 'ஈகிள்ஸ்' குழு 1976 டிசம்பரில் வெளியிட்ட இசைத்தொகுப்பின் தலைப்புப் பாடல் அது. மெட்டின் அடிப்படை டான் ஃபெல்டருடையது. சொற்கள் பெரும்பாலும் டான் ஹென்லி, க்ளென் ஃப்ரை இருவருடையவை. கதை மேலோட்டமாக ஒரு பேய்க்கதை போல இருக்கும். இரவில் பாலைவனச் சாலையில் வண்டி ஓட்டி வரும் ஒருவன் களைத்துப்போய் ஒரு விடுதியில் தங்குகிறான். அங்கே எல்லாம் கவர்ச்சியாக இருக்கிறது; ஆனால் புறப்பட நினைக்கும்போது புறப்பட முடியவில்லை. இதை வைத்து எத்தனை விளக்கங்கள்! அது மனநல மருத்துவமனை என்றார்கள்; சிறை என்றார்கள்; போதை அடிமைத்தனம் என்றார்கள்; சாத்தானை வழிபடும் சபை என்று சத்தியம் செய்தவர்களும் உண்டு. உறையில் உள்ள கட்டடத்தையும் சந்தேகப்பட்டார்கள். அது லாஸ் ஏஞ்சல்ஸ் பக்கம் நடிகர்களும் செல்வர்களும் தங்கும் பெவர்லி ஹில்ஸ் ஹோட்டல். அந்தி வேளையில் எடுத்த படம் என்பதால் மர்மமாகத் தெரிகிறது.

கள்ளமின்மையிலிருந்து அனுபவத்திற்குச் செல்லும் பயணம் என்று ஹென்லி இதற்கு விளக்கம் தந்திருக்கிறார். கலிபோர்னியாவுக்குப் புகழும் பணமும் தேடிப் போன இளைஞர்கள் அவை கிடைத்தபின் அவற்றுக்குள்ளேயே சிக்கிக்கொண்டார்கள். அந்தக் குழுவினரே அப்படிப் போனவர்கள்தாம். இப்பொருள் பாட்டின் ஒவ்வொரு அடியோடும் ஒத்துப்போகிறது. சாத்தான் கதையை ஒட்டவைக்கவோ பாதி அடிகளை விட்டுவிட வேண்டியிருக்கிறது. என் கணக்கில் இதுவே முதல் சோதனை: சொல்லும் விளக்கம் பாட்டு முழுவதற்கும் செல்ல வேண்டும், ஒரு சொல்லுக்கு மட்டும் அல்ல.

இந்தப் பாட்டில் நம் காளமேகம் கேட்டிருந்தால் ரசித்திருக்கக்கூடிய ஒரு சிலேடையும் உண்டு. விருந்தாளி மது கேட்கிறான். 1969க்குப் பிறகு அது இங்கே இல்லை என்ற பதில் வருகிறது. அங்கே வரும் 'ஸ்பிரிட்' என்ற சொல்லுக்கு மது என்றும் பொருள், உள்ளத்து எழுச்சி என்றும் பொருள். 1969 ஆகஸ்டில் அமெரிக்க இளைஞர்கள் இலட்சக்கணக்கில் கூடி அமைதி கொண்டாடிய உட்ஸ்டாக் விழா நடந்தது. அதே ஆண்டு டிசம்பரில் ஆல்டமாண்ட் கச்சேரியில் கூட்டத்திலேயே ஒரு கொலை விழுந்தது. ஒரு தலைமுறையின் எழுச்சி அந்த ஆண்டோடு வடிந்தது என்பதே உள்ளுறை. காய்ச்சி வடித்த சாராயத்திற்கே அந்தச் சொல் பொருந்தும், திராட்சை மதுவுக்குப் பொருந்தாது என்று குறை கண்டவர்களும் உண்டு. மதுபானங்களைப் பற்றித் தமக்கு வேண்டிய அளவு தெரியும் என்றும், அந்த அடி மதுவைப் பற்றியதே அல்ல, சமூகத்தைப் பற்றியது என்றும் 2009இல் ஒரு பேட்டியில் ஹென்லி சற்றுக் காரமாகவே பதில் சொன்னார்.

எழுதியவரின் வாக்குமூலமே முடிவானதா என்றால், அங்கும் சிக்கல் உண்டு. பீட்டில்ஸ் 1967இல் வெளியிட்ட 'லூசி இன் தி ஸ்கை வித் டைமண்ட்ஸ்' பாடலின் தலைப்பில் முக்கியமான மூன்று சொற்களின் முதலெழுத்துகளைச் சேர்த்தால் எல்.எஸ்.டி. என்ற போதை மருந்தின் பெயர் வரும். ஜான் லெனான் இதைக் கடைசிவரை மறுத்தார். தம் சிறு வயது மகன் ஜூலியன் மழலையர் பள்ளியிலிருந்து கொண்டு வந்த ஓவியத்திற்கு, தன் வகுப்புத் தோழி லூசி வைரங்களோடு வானத்தில் இருக்கிறாள் என்று பெயர் சொன்னான். அதுவே தலைப்பாயிற்று என்றார். அந்த லூசி உண்மையிலேயே இருந்தார். 2009இல் லூபஸ் என்ற நோயால் காலமாகும் முன் ஜூலியன் அவரோடு மீண்டும் தொடர்பு கொண்டிருந்தார். அவர் நினைவாக ஒரு பாடலும் வெளியிட்டார். மறுபுறம், அந்தப் பாட்டின் காட்சிகளுக்குப் பின்னால் அந்த மருந்து இருந்தது வெளிப்படை என்று பால் மெக்கார்ட்னி 2004இல் ஒப்புக்கொண்டார். ஆக, தலைப்பு குழந்தையுடையது. கனவு மட்டும் குழந்தையுடையது அல்ல. இரண்டையும் சேர்த்தே ஏற்க வேண்டும் என்பது என் கருத்து.

லெனானுக்கு இந்த ஆராய்ச்சிகள் மேல் எரிச்சலும் உண்டு, குறும்பும் உண்டு. தாம் படித்த பள்ளியிலிருந்து ஒரு மாணவன், தன் ஆசிரியர் பீட்டில்ஸ் பாடல்களுக்கு வகுப்பில் பொருள் சொல்லச் சொல்கிறார் என்று கடிதம் எழுதினான். அதைப் படித்த லெனான், 'இதற்குப் பொருள் சொல்லட்டும் பார்க்கலாம்' என்று வேண்டுமென்றே பிதற்றலாக எழுதியதுதான் 1967இன் 'ஐ ஆம் தி வால்ரஸ்'. அதற்கும் பொருள் கண்டுவிட்டார்கள் என்பதைச் சொல்லவும் வேண்டுமோ! மெக்கார்ட்னி இறந்துவிட்டார், அவரைப் போன்ற ஒருவரை வைத்து மறைக்கிறார்கள் என்று 1969இல் கிளம்பிய வதந்திக்கு, அவர் இசைத்தட்டு உறையில் செருப்பில்லாமல் தெருவைக் கடப்பதுகூடச் சான்றாகக் காட்டப்பட்டது.

இவற்றைச் சிரித்துக் கடந்துவிடலாம். சிரிக்க முடியாதவையும் உண்டு. 1969 ஆகஸ்டில் லாஸ் ஏஞ்சல்ஸில் இரண்டு இரவுகளில் ஏழு பேரைக் கொன்றது சார்லஸ் மான்சனின் கூட்டம். பீட்டில்ஸின் 'ஹெல்டர் ஸ்கெல்டர்' பாடலில் வரப்போகும் இனப்போரைப் பற்றிய செய்தி தனக்கு மறைவாகச் சொல்லப்பட்டிருப்பதாக மான்சன் தன் கூட்டத்தாருக்குப் போதித்தான் என்று அரசுத் தரப்பு வழக்கில் எடுத்துரைத்தது. இங்கிலாந்தில் ஹெல்டர் ஸ்கெல்டர் என்பது பொருட்காட்சித் திடலில் குழந்தைகள் சுழன்று இறங்கும் சறுக்குமரம்.

1985 டிசம்பரில் அமெரிக்காவின் நெவாடா மாநிலத்தில் இரண்டு இளைஞர்கள் தம் உயிரை மாய்த்துக்கொள்ள முயன்றார்கள். ஒருவர் அப்போதே இறந்தார். மற்றவர் சில ஆண்டுகள் கழித்து இறந்தார். 'ஜூடாஸ் பிரீஸ்ட்' குழுவின் இசைத்தட்டில் காதுக்குத் தெரியாமல் பதித்த கட்டளையே காரணம் என்று பெற்றோர் வழக்குத் தொடுத்தனர். பிள்ளையைப் பறிகொடுத்தவர்கள் காரணம் தேடியதை யார் குறை சொல்ல முடியும்? 1990இல் ரீனோ நகரில் வாரக்கணக்கில் விசாரணை நடந்தது. கட்டளையாகக் கேட்டது, பாடகர் மூச்சு விடும் ஓசையும் கிதார் ஒலியும் தற்செயலாகக் கலந்ததே என்று நீதிபதி தீர்ப்பளித்தார். எந்தப் பாட்டையும் திருப்பிச் சுழற்றினால் ஏதாவது ஒரு சொல் கேட்கத்தான் செய்யும். முன்கூட்டியே இன்ன சொல் என்று ஒருவர் காதில் போட்டுவிட்டால் அது இன்னும் தெளிவாகக் கேட்கும்.

ஒளிந்திருப்பதைத் தேடும் ஆர்வத்தில் வெளியே கிடப்பதைக் காணாமல் விடுவதும் நடக்கிறது. புரூஸ் ஸ்பிரிங்ஸ்டீனின் 'பார்ன் இன் தி யு.எஸ்.ஏ.' வெளிவந்த 1984இல் அதிபர் ரீகன் ஒரு தேர்தல் கூட்டத்தில் அந்தப் பாடகரின் பாடல்களில் நம்பிக்கை ஒலிப்பதாகப் பாராட்டினார். ஆனால் அந்தப் பாட்டு, வியட்நாம் போரிலிருந்து திரும்பி வேலை கிடைக்காமல் அலையும் ஒருவனின் கசப்பு. பல்லவியின் முழக்கத்தை மட்டும் கேட்டவர்கள் தேசபக்திப் பாட்டு என்று கொடி பிடித்தார்கள். 1983இல் வந்த 'எவ்ரி பிரெத் யூ டேக்' பாடலைத் திருமணங்களில் இசைப்பவர்கள் உண்டு. ஒருத்தியின் ஒவ்வோர் அசைவையும் விடாமல் கண்காணிக்கும் பொறாமைக்காரன் பாடும் பாட்டு அது! பிங்க் ஃபிளாய்டின் 'அனதர் பிரிக் இன் தி வால்' இங்கிலாந்துப் பள்ளிகளின் கடுமையைச் சாடியது. தென்னாப்பிரிக்காவில் தரக்குறைவான கல்வியை எதிர்த்த கறுப்பின மாணவர்கள் அதைத் தங்கள் பாட்டாக்கிக்கொள்ள, 1980இல் அந்நாட்டு அரசு அதைத் தடை செய்தது. எழுதியவர் நினையாத பொருள்தான். ஆனால் மான்சன் ஏற்றிய பொருளையும் இதையும் ஒரே தட்டில் வைக்க எனக்கு மனம் வரவில்லை.

மராட்டியத்தில் வாழும் அன்பர்களுக்கு ஒரு செய்தி. 'பொஹீமியன் ராப்சொடி'யை 1975இல் எழுதிய 'குயீன்' குழுவின் ஃபிரெடி மெர்குரி பார்சி குடும்பத்தவர். இயற்பெயர் ஃபரூக் புல்சாரா. சான்சிபாரில் பிறந்து பஞ்ச்கனியில் உள்ள செயின்ட் பீட்டர்ஸ் பள்ளியில் தங்கிப் படித்தவர். முதல் இசைக்குழுவை அங்குதான் தொடங்கினார். கொலை, தாய், மன்றாட்டு, பிஸ்மில்லா என்று எதை எதையோ கலந்த அந்தப் பாட்டுக்கு 1991இல் காலமாகும்வரை அவர் விளக்கம் தரவில்லை; கேட்பவர்களே முடிவு செய்துகொள்ளட்டும் என்றார். 2004இல் ஈரானில் குயீன் பாடல்களின் ஒலிநாடா அரசு அனுமதியோடு விற்பனைக்கு வந்தது. அதனுடன் வைத்த துண்டுப் பிரசுரம் அந்தக் குறையைத் தீர்த்துவைத்தது: தற்செயலாகக் கொலை செய்துவிட்ட ஓர் இளைஞன் தன் ஆன்மாவைச் சாத்தானிடம் விற்றுவிடுகிறான், தூக்குக்கு முந்திய இரவில் இறைவனை அழைத்து அதை மீட்டுக்கொள்கிறான் என்று அதில் உரை எழுதியிருந்தார்கள்.