ஒரு பிடி அரிசி செய்த வேலை!

ஆண்டிபட்டியில் ஒரு நெசவாளி வீடு. உலை கொதிக்கிறது. அம்மா படியில் அரிசி அளக்கிறாள். அதில் ஒரு பிடியை எடுத்துத் தனிப் பானையில் போட்டால், வீட்டில் யாராவது பட்டினி கிடப்பார்களா?

மாட்டார்கள்!

வடகிழக்கே, இன்றைய மிசோராம் மலைநாட்டுக் கிறிஸ்தவப் பெண்கள் 1910-ல் இதைத்தான் தொடங்கினார்கள்.

கையில் காசு குறைவு. ஆனால் வீட்டில் அரிசி இருந்தது. அது கடவுள் கொடுத்தது. அதில் அவருக்கும் பங்கு உண்டு என்று நம்பினார்கள்.

சமைக்கும்போதெல்லாம் ஒரு பிடி தனியே வைத்தார்கள். சபைப் பெண்கள் வீடு வீடாகப் போய்ச் சேகரித்தார்கள். அரிசி விற்ற பணம் திருச்சபைப் பணிக்குப் போயிற்று.

நூறாண்டு கடந்தும் அந்தப் பழக்கம் நிற்கவில்லை!

ஆண்டிபட்டி அம்மாவும் நாளைக்கே தொடங்கலாம். அடுப்பு எரியாத வீடு அடுத்த தெருவிலேயே இருக்குமே!