கோடை வந்தால் கடல்... குளிர் வந்தால் வீடு! சொந்தப் படகில் பிரிட்டனைச் சுற்றிய ஸ்பால் தம்பதி

'ஹாரி பாட்டர்' படங்களைப் பார்த்தவர்கள் பீட்டர் பெட்டிக்ரூவை மறந்திருக்க மாட்டார்கள். எலியாக மாறி ஒளிந்து வாழ்ந்து, கூடப் பழகிய நண்பனையே காட்டிக்கொடுத்த 'வார்ம்டெயில்'! அந்த வேடத்தில் நடித்தவர் டிமோத்தி ஸ்பால். திரையில் சரியான பயந்தாங்கொள்ளி. நிஜத்தில்? கடல் என்றால் நிஜத்திலும் அவருக்கு பயம்தான். அதை அவர் மறைப்பதே இல்லை. அந்த பயத்தோடுதான், மனைவி ஷேனும் அவருமாக, சொந்தப் படகில் பிரிட்டனைக் கரையோரமாகவே சுற்றி வந்திருக்கிறார்கள்.

ஒரே மூச்சில் அல்ல. 2005-ல் லண்டனிலிருந்து கிளம்பியவர்கள், திரும்பி வந்து சேர்ந்தது 2011-ல். கோடைக்காலத்தில், அதிலும் ஸ்பாலுக்குப் படப்பிடிப்பு இல்லாத நாள்களில் பயணம். குளிர் தொடங்கியதும் ஏதாவது ஒரு துறைமுகத்தில் படகைக் கட்டிவிட்டு வீடு திரும்பிவிடுவார்கள். அடுத்த கோடையில் அதே இடத்துக்குப் போய், கயிற்றை அவிழ்த்துக்கொண்டு மறுபடியும் கிளம்புவார்கள். தவணை முறையில் ஒரு தீர்த்த யாத்திரை என்று வைத்துக்கொள்ளுங்களேன்!

இதற்குப் பின்னால் ஒரு கனமான கதை இருக்கிறது.

1996, மே மாதம். மைக் லீ இயக்கிய 'சீக்ரெட்ஸ் அண்ட் லைஸ்' படம் கான் திரைப்பட விழாவுக்குத் தேர்வாகியிருந்தது. முக்கிய வேடங்களில் ஒன்று ஸ்பாலுக்கு. விழாவுக்குக் கிளம்ப வேண்டிய நேரத்தில், அவருக்கு ரத்தப் புற்றுநோய் என்று தெரிந்தது. அதிலும் வேகமாகப் பரவும் 'அக்யூட் மைலாய்டு லுக்கேமியா'. அப்போது வயது 39. மூன்று குழந்தைகள். படத்துக்கு விழாவின் உயரிய விருதான 'தங்கப் பனை' கிடைத்தபோது அவர் அங்கே இல்லை. மருத்துவமனையில், கூடவே ஷேன்.

நோய் விலகியது. அதற்குப் பிறகுதான் இந்தத் தம்பதியின் வாழ்க்கைக்குள் படகு வந்தது. சுற்றுலாக் கப்பலில் டிக்கெட் எடுத்துப் போகும் வசதி அவர்களுக்கு இல்லாமலா போயிற்று? ஆனால் இவர்கள் விரும்பியது அதுவல்ல. சமையலறை, படுக்கை எல்லாம் உள்ள சின்ன வீட்டையே தண்ணீரில் மிதக்கவிட்டு, அதை இருவர் மட்டுமே ஓட்டிப் போக வேண்டும். படகின் பெயர் 'பிரின்சஸ் மட்டில்டா'. பேத்தியின் பெயர்!

இந்தப் படகைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். இது 'டச் பார்ஜ்' வகை. நெதர்லாந்தின் கால்வாய்களிலும் ஆழமில்லாத நீர்நிலைகளிலும் சரக்கு ஏற்றிப் போவதற்காக உருவான வடிவம். அடிப்பாகம் தட்டையாக இருக்கும். சேற்றில் தரைதட்டினாலும் சாயாமல் உட்கார்ந்துகொள்ளும் என்பது இதன் பெரிய வசதி. அதே தட்டை அடிதான் நடுக்கடலில் தொல்லையும்கூட. அலை பக்கவாட்டில் அடித்தால் தொட்டில் மாதிரி ஆட ஆரம்பித்துவிடும். கட்டிவைக்காத தட்டும் டம்ளரும் உருளும். வேகமோ, பொதுவாக இத்தகைய படகுகளில் ஆறு நாட் அளவுதான். மணிக்குப் பதினோரு கிலோமீட்டர். நம் ஊர் சைக்கிள் முந்திவிடும்.

அப்படியானால் காற்றையும் ஓதத்தையும் பகைத்துக்கொண்டு எங்குமே போக முடியாது. ஓதம் என்றால், கடல் ஏறுவதும் வற்றுவதும். சென்னைக் கரையில் இந்த ஏற்ற இறக்கம் ஒரு மீட்டர் அளவுதான் என்பதால் நாம் பெரிதாகக் கவனிப்பதில்லை. ஸ்பால் தம்பதி கார்ன்வாலைச் சுற்றிக்கொண்டு வேல்ஸை நோக்கிப் போன பிரிஸ்டல் கால்வாயில் கதையே வேறு. அதன் உள்முனையில் கடல் 14 மீட்டர் வரை ஏறி இறங்கும். நாலு மாடி உயரம்! காலையில் படகு மிதந்த இடம் மத்தியானம் சேற்றுத் திடல். ஓதத்தோடு போனால் படகின் வேகத்தோடு நீரோட்டத்தின் வேகமும் சேரும். எதிர்த்துப் போனால் எரிபொருள் தீரும், கரை நகராது. சில துறைமுகங்களுக்குள் ஓதம் ஏறியிருக்கும் சில மணி நேரத்தில் மட்டுமே நுழைய முடியும். தவறவிட்டால் வெளியே கடலில் காத்திருக்க வேண்டியதுதான்.

அதனால் இவர்களுடைய ஒவ்வொரு நாளும் வானிலை அறிக்கையில்தான் விடிந்தது. பிபிசி வானொலியில் 'ஷிப்பிங் ஃபோர்காஸ்ட்' என்று ஒன்று உண்டு. பிரிட்டனைச் சுற்றியுள்ள கடலை 31 பகுதிகளாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் காற்று எப்படி, பார்வைத் தூரம் எவ்வளவு என்று நிதானமான குரலில் வாசிப்பார்கள். கடலுக்கே போகாத பிரிட்டிஷ்காரர்களும் இதைத் தாலாட்டு மாதிரி கேட்டுக்கொண்டு தூங்குவார்கள். ஸ்பாலுக்கு அது தாலாட்டு இல்லை. தேம்ஸ், டோவர், வைட், போர்ட்லாண்ட், பிளிமத், லண்டி, ஐரிஷ் ஸீ... அவர் போக வேண்டிய பாதையே அந்தப் பெயர்கள்தான். காற்று பலம் என்று சொன்னால் அன்றைக்குப் பயணம் கிடையாது. எத்தனை நாள் துறைமுகத்தில் காத்திருக்க வேண்டும் என்பதும் அவர்கள் கையில் இல்லை.

பிபிசி ஃபோர் சேனல் இந்தப் பயணத்தை மூன்று தொடர்களாக ஒளிபரப்பியது. 'சம்வேர் அட் ஸீ' (2010), 'பேக் அட் ஸீ' (2011), 'ஆல் அட் ஸீ' (2012). கடைசித் தலைப்பில் ஒரு குறும்பு இருக்கிறது. திக்குத் தெரியாமல் விழிப்பவரைப் பற்றியும் ஆங்கிலத்தில் இப்படித்தான் சொல்வார்கள்.

என்னைக் கேட்டால், தொடரின் நாயகன் டிமோத்தி அல்ல, ஷேன்தான். சுக்கானைப் பிடித்துக்கொண்டு கேமராவைப் பார்த்துத் தத்துவம் பேசுவது கணவர். கயிற்றை எடுத்துக்கொண்டு படகின் ஓரத்தில் நிற்பது, துறைமுகச் சுவர் நெருங்கும்போது பதறுவது, அதைக் காட்டிக்கொள்ளாமல் தேநீர் போட்டுக் கொடுப்பது எல்லாம் அவர். 1981-ல் திருமணமானவர்கள். மரணத்தின் வாசல் வரை போய் வந்த ஒருவரை, ஆபத்தான ஒரு பொழுதுபோக்குக்கு அனுப்பிவைத்துவிட்டுக் கரையில் காத்திருக்கவில்லை. கூடவே ஏறிக்கொண்டார். 2012-ல் வெளியான 'தி வாயேஜஸ் ஆஃப் தி பிரின்சஸ் மட்டில்டா' புத்தகத்தை எழுதியதும் ஷேன்தான். புற்றுநோய் நாள்களும் அதில் உண்டு.

வேல்ஸ், ஐரிஷ் கடல், ஸ்காட்லாந்து என்று ஏறி, வட கடல் வழியாக இங்கிலாந்தின் கிழக்குக் கரையில் இறங்கி, 2011 ஆகஸ்டில் தேம்ஸ் முகத்துவாரத்துக்கு வந்து சேர்ந்தார்கள். கிட்டத்தட்ட வீட்டு வாசல். அங்கேதான் மாட்டிக்கொண்டார்கள்!

மெட்வே நதிக்குள் நுழைய வேண்டும். இருட்டிவிட்டது. முகத்துவாரம் முழுக்க மணல்திட்டுகள், பெரிய கப்பல்கள் போகும் ஆழமான பாதைகள், மின்னும் மிதவை விளக்குகள். எந்த விளக்கு எதற்கு என்று இரவில் பிரித்தறிவது பழகியவர்களுக்கே சிரமம். போதாக்குறைக்கு, 1944-ல் மூழ்கிய 'ரிச்சர்ட் மான்ட்கோமெரி' என்ற அமெரிக்கச் சரக்குக் கப்பல் ஷியர்னஸ் பக்கத்தில் இன்னமும் கிடக்கிறது. அதற்குள் வெடிக்காத வெடிபொருள்கள் மட்டும் சுமார் 1,400 டன். வழி பிடிபடாமல் தம்பதி உதவி கேட்க, ஷியர்னஸ் நிலையத்திலிருந்து உயிர்காப்புப் படகு வந்து அவர்களைப் பத்திரமாக அழைத்துப் போனது.

பிரிட்டன் கரையில் இந்த உயிர்காப்புப் பணியைச் செய்வது பெரும்பாலும் 'ஆர்.என்.எல்.ஐ' என்ற அறக்கட்டளை. 1824-ல் தொடங்கியது. பொதுமக்களின் நன்கொடையில் நடக்கிறது. படகில் போகிறவர்களில் பெரும்பாலோர் சம்பளம் வாங்காத தொண்டர்கள். ஆசிரியர், கடைக்காரர், மெக்கானிக் என்று வேறு வேலையில் இருப்பவர்கள், அழைப்பு வந்தால் எல்லாவற்றையும் போட்டுவிட்டு ஓடி வருவார்கள். யாரைக் காப்பாற்றினாலும் கட்டணம் கிடையாது.

ஸ்பால் குடும்பத்துக்கும் படகுக்கும் நம்ம ஊர்ப்பக்கம் ஒரு சின்னத் தொடர்பும் உண்டு. மகன் ரேஃப் ஸ்பாலும் நடிகர்தான். புதுச்சேரியில் ஒரு பகுதி படமாக்கப்பட்ட 'லைஃப் ஆஃப் பை' (2012) படத்தில், படகில் புலியோடு தவித்த பையின் கதையைக் கேட்கும் எழுத்தாளராக வருவாரே, அவரேதான்!

அப்பாவின் கதைக்கு வருவோம். பயணம் முடிந்த பிறகு மைக் லீ மறுபடியும் அழைத்தார். இந்த முறை, கடலை வரைந்து வரைந்து தீராத ஓவியர் டர்னரின் வேடம். அதற்காக இரண்டு வருடம் போல ஓவியம் கற்றார் ஸ்பால். 'மிஸ்டர் டர்னர்' படத்துக்காக 2014-ல் கான் விழாவின் சிறந்த நடிகர் விருது அவருக்குக் கிடைத்தது. 18 வருடங்களுக்கு முன் போக முடியாமல்போன அதே விழா.

டர்னரின் புகழ்பெற்ற ஓவியங்களில் ஒன்று, 'டெமரேர்' என்ற பழைய போர்க்கப்பலை ஒரு நீராவிப் படகு இழுத்துப் போகும் காட்சி. 1838-ல் அந்தக் கப்பலை உடைப்பதற்காக இழுத்துப் போனது, ஸ்பால் தம்பதி வழிதவறிய அதே ஷியர்னஸிலிருந்துதான். படத்திலும் அந்தக் காட்சி வருகிறது. பிரமாண்டமான கப்பல் மெல்ல நகர்ந்து போக, தேம்ஸ் நதியில் ஒரு சின்னப் படகில் உட்கார்ந்து அதையே பார்த்துக்கொண்டிருக்கிறார் டிமோத்தி ஸ்பால்.