வட்டைக்கும் ஒரு பெயர் உண்டு

கல்முனையிலிருந்து மேற்கே நாவிதன்வெளிக்குச் செல்பவர்கள் கிட்டங்கித் தாம்போதியைக் கடந்தாக வேண்டும். மாரி வெள்ளம் தாம்போதிக்கு மேலால் பாயும் நாட்களில் போக்குவரத்து அற்றுவிடும். கிட்டங்கி என்ற சொல்லுக்குப் பண்டசாலை என்று பொருள். பலமுறை அந்தத் தண்ணீரைப் பார்த்தபடி காத்து நின்ற எமக்கு, இப்பிரதேசத்தின் முதுசொம் ஊர்ப் பெயர்களில்தான் ஒளிந்திருக்கிறது என்ற எண்ணம் அங்கேதான் முதலில் எழுந்தது.

நாவிதன்வெளியில் மலை கிடையாது. அன்னமலை என்றொரு ஊர் உண்டு, அங்கும் மலை இல்லை! ஆனால் வயலுக்கு வரும் நீர் மலைநாட்டு நீர். பதுளைக்குக் கிழக்கேயுள்ள மலைகளில் பிறக்கும் ஆற்றை எமது மூத்தோர் பட்டிப்பளை ஆறு என்றார்கள். இன்று அது கல்லோயா. 1949இல் கல்லோயா அபிவிருத்திச் சபை அமைக்கப்பட்டது. இங்கினியாகலையில் இரு குன்றுகளுக்கிடையே அணை எழுந்து, சேனாநாயக்க சமுத்திரம் உருவானது. இடதுகரை வாய்க்கால் வடக்கே நீண்டது. காடு வெட்டிக் குடியேற்றங்கள் அமைத்தவர்கள் அவற்றுக்குப் பெயரிடவில்லை, இலக்கமிட்டார்கள். ஆகவே இப்பிரதேசத்தில் இருவகை ஊர்களைக் காண்கிறோம். சொறிக்கல்முனை, சவளக்கடை, வேப்பையடி என்று பெயருடன் கூடியவை ஒருபுறம். 4ஆம் கிராமம், 7ஆம் கிராமம், 15ஆம் கிராமம் என்பவை மறுபுறம்.

இலக்கத்தில் குடியேறிய மக்கள் இலக்கத்தோடு நின்றுவிடவில்லை. வயற்பரப்பை வட்டைகளாகப் பிரித்தார்கள். ஒரு மரத்தின் பெயர், மடுவின் பெயர், முதலில் காடு வெட்டிய மனிதரின் பெயர் என்று ஏதோ ஒன்று ஒட்டிக்கொண்டது. நாவிதன்வெளி என்ற பெயரே ஒரு தொழிலாளியையும் ஒரு வயல்வெளியையும் சேர்த்துச் சொல்கிறதல்லவா? போடியார்களின் பெயரை மட்டுமே நினைவு வைத்திருக்கும் வரலாற்றில் இது சிறிய விடயமல்ல.

வட்டைக்கு ஒரு விதானை. எந்த நாளில் எந்த வக்கடை திறக்கும், யாருடைய மாடு வேளாண்மைக்குள் இறங்கியது என்பதெல்லாம் அவர் பொறுப்பு. 1958ஆம் ஆண்டின் நெற்காணிச் சட்டம் பழைய வேல்விதானைப் பதவியை நீக்கிப் பயிர்ச்செய்கைக் குழுக்களைக் கொண்டுவந்தது. ஆயினும் வட்டை விதானை என்ற சொல் எமது மக்களின் வாயை விட்டுப் போகவில்லை. களவெட்டியில் சூடடிக்கும்போது பொருட்களை வழக்கமான பெயரால் அழைக்காமல் வேறு சொற்களால் அழைக்கும் வழக்கமும் இருந்தது. அங்கே நெல் என்று சொல்வதில்லை, பொலி என்பார்கள். இன்று அறுவடை இயந்திரம் வயலுக்குள்ளேயே நெல்லைப் பிரித்து மூட்டையில் கொட்டிவிடுகிறது. களவெட்டி போனதும் அந்த மொழியும் போயிற்று. இயந்திரத்தை நாம் குறை கூறவில்லை, முதுகு முறிய மிதித்தவர்களுக்குத்தான் அதன் அருமை தெரியும்.

நீர்ப் பங்கீட்டைப் பற்றி ஒரு செய்தி. 1981இல் குளத்தில் நீர் குறைந்திருந்த வேளையில், கமநல ஆராய்ச்சி பயிற்சி நிறுவனமும் அமெரிக்காவின் கோர்ணெல் பல்கலைக்கழகமும் இடதுகரையில் விவசாயிகளை ஒன்றுதிரட்டும் பணியைத் தொடங்கின. தூர்ந்துகிடந்த வாய்க்கால்களை மக்களே சிரமதானமாக வெட்டினார்கள். முறை வைத்து நீர் பாய்ச்சினார்கள். தலைப்பில் இருந்தவர்கள் தாம் மிச்சப்படுத்திய நீரைக் கடைக்கோடிக்கு விட்டார்கள். தலைப்பில் பெரும்பாலும் சிங்கள விவசாயிகள், கடைக்கோடியில் தமிழர். 1956 ஜூனில் வன்செயல் நடந்த அதே கல்லோயாவில், இருபத்தைந்து வருடங்களின் பின் இதுவும் நடந்தது. 1956ஐ எல்லோரும் எழுதுகிறார்கள். 1981ஐப் பற்றி வாய்க்காற் கட்டில் கூட யாரும் பேசுவதாகத் தெரியவில்லை.

1990 ஜூனில் போர் மீண்டும் மூண்டபோது இம்மாவட்டத்தின் பல தமிழ்க் கிராமங்கள் வெறுமையாயின. முஸ்லிம் விவசாயிகள் பலரும் மேற்கேயுள்ள தமது வயல்களுக்குப் போக முடியாமல் கரையிலேயே முடங்கினார்கள். வருடக்கணக்கில் மிதிக்கப்படாத வரம்பு கரைந்துவிடும், எல்லை மரத்தை யாராவது தறித்துவிடுவார்கள். திரும்பிவந்த பிள்ளைக்கு அப்பாவின் வயல் எதுவென்று காட்ட, வட்டையின் பெயரும் அயற்காணிக்காரரின் பெயரும் தெரிந்த ஒரு முதியவர்தான் மிஞ்சுவார். பல வேளைகளில் அவர் அயலூர் முஸ்லிம் விவசாயியாக இருந்ததை நாம் நேரில் கண்டோம். பிட்டும் தேங்காய்ப்பூவும் என்று மேடைகளில் சொல்லிச் சலித்த உவமைக்கு, ஒரு வரம்பில் நின்றபோதுதான் எமக்குப் பொருள் விளங்கியது.

இன்னொன்றும் சொல்லவேண்டும், குறிப்பாகத் தாய்மாருக்கு. இக்கரையோரத்தில் தமிழருக்கும் முஸ்லிம்களுக்கும் குடி தாய்வழியில்தான் வருகிறது. வீடு மகளுக்கு, காணியும் முடிந்தால் மகளுக்கே. ஆனால் குடியேற்றக் காணியோ 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்துக்குக் கட்டுப்பட்டது. அனுமதிப்பத்திரக்காரர் பின்னுரித்தாளரைப் பெயர் குறிக்காமல் இறந்தால், உரித்து வரிசையில் ஆண்பிள்ளைகளே முந்தி நின்றார்கள். முகாமில் கணவனை இழந்த பெண்களும், தாய்வீட்டில் வாழ்ந்த பெண்பிள்ளைகளும் இதனால் பட்ட பாடு கொஞ்சமல்ல. 2022இல் வந்த திருத்தம் ஆணுக்கான இந்த முன்னுரிமையை நீக்கியது. எனினும் பெயர் குறிக்கப்படாத காணி வீட்டுக்குள் சண்டையையே கொண்டுவரும்.

ஆகவே எமது வாசகரிடம் ஒரு வேண்டுகோள். பிள்ளைகளின் பழைய அப்பியாசக் கொப்பி ஒன்றை எடுங்கள். வட்டையின் பெயர், வாய்க்காலின் பெயர், நான்கு எல்லையிலும் யார் யார் செய்தார்கள், எந்த ஆண்டு விட்டுப் போனீர்கள் என்பவற்றை வீட்டில் மூத்தவர் சொல்லச் சொல்ல எழுதுங்கள். அனுமதிப்பத்திரம் இருந்தால் அதன் இலக்கத்தையும் அதே பக்கத்தில் குறியுங்கள். பின்னுரித்தாளர் பெயர் பதியப்பட்டுள்ளதா என்பதைப் பிரதேச செயலகத்தின் காணிப் பிரிவில் கேட்டறியலாம். போகும்போது அம்மாவையும் கூட்டிச் செல்லுங்கள்.