உஷார்! "அவங்கப்பனும் லேட்டாத்தான் பேசுனான்"

பள்ளிபாளையத்திலோ குமாரபாளையத்திலோ தறிப்பட்டறையை ஒட்டிய ஒரு வீட்டுக்குள் நுழைந்து பாருங்கள். நாலு தறி ஓடும் இரைச்சலில் நாம் பேசுவது நமக்கே கேட்காது. பக்கத்திலேயே தூளியில் எட்டு மாசக் குழந்தை அசையாமல் தூங்கும். "தறிச் சத்தம் பழகிப்போச்சுங்க, சமத்துக் குழந்தை" என்பார் அப்பத்தா. பெரும்பாலும் அவர் சொல்வது சரிதான். ஆனால் காதே கேட்காத குழந்தையும் அப்படித்தான் தூங்கும். உஷார்!

சந்தேகம் வந்தால் வீட்டில் என்ன செய்கிறார்கள்? முதுகுக்குப் பின்னால் நின்று கை தட்டுகிறார்கள். குழந்தை திரும்பிவிடும், எல்லோருக்கும் நிம்மதி. அது திரும்பியது கழுத்தில் பட்ட காற்றுக்காக இருக்கலாம், சுவரில் விழுந்த நிழலுக்காக இருக்கலாம். தட்டைக் கீழே போட்டால் தரை அதிர்வது உடம்புக்குத் தெரியும். இதையெல்லாம் சோதனை என்று நம்பாதீர்கள். ஓ.ஏ.இ. என்றொரு கருவி இருக்கிறது. தூங்கும் குழந்தையின் காதில் சின்னதாக ஒன்றைச் செருகி, சில நிமிடத்தில் சொல்லிவிடும். பிறந்த 1 மாதத்துக்குள் இந்தச் சோதனை, 3 மாதத்துக்குள் குறை இன்னதென்று உறுதி செய்வது, 6 மாதத்துக்குள் சிகிச்சையும் பயிற்சியும் தொடங்குவது என்பதுதான் உலகம் முழுக்க மருத்துவர்கள் வைத்திருக்கும் கணக்கு. அக்கா மகளைக் கட்டியவர்களும் மாமன் மகளைக் கட்டியவர்களும் இதில் கூடுதலாகக் கவனம் வைக்க வேண்டும். பிறவிக் காது கேளாமைக்குச் சொந்தத்தில் கல்யாணம் ஒரு காரணம். ஐந்தாவது தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் நாலில் ஒரு கல்யாணத்துக்கும் மேல் சொந்தத்தில்தான் நடக்கிறது.

காது மட்டும் இல்லை. ஒன்பது மாசத்தில் பிடிக்காமல் உட்காரவில்லை, ஒன்றரை வயதில் நடக்கவில்லை, பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்புவதில்லை, கை நீட்டி எதையும் காட்டுவதில்லை, இரண்டு வயதாகியும் "அம்மா வா" என்று இரண்டு சொல் சேர்க்கவில்லை என்றால் உடனே காட்ட வேண்டும். பேசிக்கொண்டிருந்த குழந்தை பேச்சை விட்டுவிட்டால் ஒரு நாள்கூடத் தள்ளக் கூடாது. ஆனால் வீட்டில் வரும் முதல் பதில், "அவங்கப்பனும் லேட்டாத்தான் பேசுனான்." அப்புறம் வசம்பைத் தேய்ப்பார்கள், கோயிலுக்கு மணி கட்டுவதாக வேண்டிக்கொள்வார்கள். வேண்டுதல் கிடக்கட்டும், அது யாரையும் கெடுக்காது. கெடுப்பது, "போர்வெல் ரிக் வண்டியோட வடக்க போயிருக்காரு, அவங்கப்பா வரட்டும்" என்று காத்திருக்கும் ஆறு மாசம். திருச்செங்கோட்டுப் பக்கம் இதைச் சொல்லாத வீடு கம்மி. பிறவியிலேயே காது கேளாத குழந்தைக்கு முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் காக்ளியர் இம்ப்ளான்ட் என்னும் செவிக்கருவியை அறுவை செய்து வைக்கிறார்கள். ஆனால் 6 வயதுக்குள். அதிலும் இரண்டு வயதில் வைத்த குழந்தைக்கு வரும் பேச்சு, ஐந்து வயதில் வைத்ததற்கு வராது.

சட்டம் இல்லையா என்பீர்கள். இருக்கிறது, அதில்தான் ஒரு பெரிய ஓட்டை. 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் இலவசக் கல்வி உரிமையை 6 வயது முதல் 18 வயது வரைக்கும்தான் தருகிறது. கல்வி உரிமைச் சட்டத்திலும் 6-தான் தொடக்கம். மூளை வேகமாக வளரும் முதல் ஆறு வருடத்துக்கு உள்ளது என்ன? எல்லாக் குழந்தைகளையும் வருடத்துக்கு ஒருமுறையாவது பரிசோதிக்க அரசு நடவடிக்கை எடுக்க வேண்டும் என்று 25-ஆவது பிரிவில் ஒரு வரி. பரிசோதனையில் குறை தெரிந்தபின் எத்தனை நாளில் பயிற்சி தொடங்க வேண்டும் என்ற கெடு அந்தச் சட்டத்தில் எங்கும் கிடையாது. அமெரிக்காவில் 1986-லேயே பச்சைக் குழந்தைகளுக்கென்று சட்டம் போட்டார்கள். அங்கே சந்தேகம் என்று எழுதிக்கொடுத்த 45 நாளுக்குள் குழந்தையை மதிப்பிட்டு, குடும்பத்தோடு உட்கார்ந்து திட்டம் போட்டாக வேண்டும். நம்மிடம் நல்ல திட்டங்கள் உண்டு. 2013-இல் வந்த தேசியச் சிறார் நலத் திட்டத்தின்படி மருத்துவக் குழு வருடத்துக்கு இருமுறை பால்வாடிக்கு வர வேண்டும். வந்து பார்த்து எழுதியும் கொடுப்பார்கள். ஆனால் திட்டம் என்பது நிதி வந்தால் ஓடும், ஆள் மாறினால் நிற்கும். அதைக் காட்டிக் கோர்ட்டுக்குப் போவது சுலபமில்லை. இத்தனை நாளுக்குள் சிகிச்சை என்று மாநில அரசே ஒரு சட்டம் கொண்டுவந்தால் என்ன? நம் எம்.எல்.ஏ.க்களிடம் இதைக் கேட்டவர் யாரும் இருப்பதாகத் தெரியவில்லை.

இந்த இடைவெளியில்தான் வியாபாரிகள் புகுகிறார்கள். ஆட்டிசத்துக்கு ஸ்டெம்செல் ஊசி என்று வாட்ஸ்அப்பில் விளம்பரம் வந்தால் நம்பி நகையை அடகு வைத்துவிடாதீர்கள். அந்தச் சிகிச்சை பரிந்துரைக்கத் தக்கதல்ல, அதை விளம்பரம் செய்வது தொழில் ஒழுங்கீனம் என்று தேசிய மருத்துவ ஆணையமே 2022 டிசம்பரில் சொல்லிவிட்டது.

பால்வாடிக்கு டாக்டர் குழு வரும் நாளைக் கேட்டுவைத்து, அன்றைக்குத் தறி வேலைக்குப் போகாமல் குழந்தையோடு நில்லுங்கள். எழுதிக்கொடுத்தால், இந்தக் குழந்தைகளுக்குச் சிகிச்சையும் பயிற்சியும் தரும் மாவட்ட இடையீட்டு சேவை மையத்துக்குப் போக வேண்டும். சேலத்துக்காரர்கள் பெரியாஸ்பத்திரியில் விசாரியுங்கள். "வளர வளரச் சரியாயிரும்" என்று யார் திருப்பி அனுப்பினாலும், அதைத் தேதி போட்டுச் சீட்டில் எழுதித் தரச் சொல்லுங்கள். மறுத்தால், கலெக்டர் ஆபீசில் திங்கள்கிழமை மனு வாங்குகிறார்கள். நடந்ததைச் சொல்லி, மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 25-ஆவது பிரிவைக் குறிப்பிட்டு எழுதிக் கொடுத்து, மனு எண்ணை வாங்காமல் நகராதீர்கள்.