எந்த நாற்பது?

ஒவ்வொரு பாடத்திலும் 40 சதவீதம் வரை இணைய வழியில் நடத்தலாம், மிச்சம் 60 சதவீதம் வகுப்பறையில் என்று பல்கலைக்கழக மானியக் குழு 2021 மே மாதம் ஒரு கருத்துரு வெளியிட்டது. எந்த நாற்பது என்பதை டெல்லியில் உட்கார்ந்து சொல்ல முடியாது. பாடம் எடுப்பவர்தான், படிக்க வரும் பிள்ளைகளின் ஊரைப் பார்த்து முடிவு செய்ய வேண்டும்.

பழவேற்காடு ஏரிக்கரைக் குப்பங்களை எடுத்துக்கொள்வோம். அங்கிருந்து பட்டப்படிப்புக்குப் பக்கத்து ஊர் பொன்னேரி. லோகநாத நாராயணசாமி அரசு கலைக் கல்லூரியும் டாக்டர் எம்.ஜி.ஆர். மீன்வளக் கல்லூரியும் அங்கேதான் இருக்கின்றன. அங்குள்ள ஆசிரியர் ஒருவர் பாடத்தைத் திட்டமிட உட்கார்ந்தால், மென்பொருளைத் திறப்பதற்கு முன் ஏரியின் நாள்காட்டியைப் பார்க்க வேண்டும். ஏரியில் யார், என்றைக்கு, எந்த இடத்தில் வலை போடுவது என்பதை முறைவைத்துத் தீர்மானிக்கும் பாடு முறை தலைமுறைகளாக இருக்கிறது. வீட்டுக்குப் பாடு வரும் நாளில் பையன் வலைக்குக் கைகொடுக்கப் போயிருக்கலாம். போன் ஒன்றுதான் என்றால் அதுவும் அப்பாவோடு படகேறியிருக்கும். காலை பத்து மணிக்கு நேரலை வகுப்பு வைத்துவிட்டு, வராதவனுக்கு ஆப்சென்ட் போடுவது என்ன நியாயம்?

2020 கொரோனா ஊரடங்கில் நாம் செய்தது அதைத்தான். கரும்பலகைக்கு முன்னால் ஒரு போனை நிறுத்தி, அதற்கு ஆன்லைன் வகுப்பு என்று பெயர் வைத்தோம். அது அவசரகாலக் கற்பித்தல், இணையக் கல்வி அல்ல என்று சார்லஸ் ஹாட்ஜஸும் சக அமெரிக்கக் கல்வியாளர்களும் அந்த மார்ச் மாதமே எழுதினார்கள். முழு இணையப் பாடம் ஒன்றைத் தயாரிக்க ஆறு முதல் ஒன்பது மாதம் பிடிக்கும் என்பது அவர்கள் கணக்கு. 2021 ஜனவரி முதல் ஏப்ரல் வரை தமிழக அரசு கல்லூரி மாணவர்களுக்குத் தினம் 2 ஜிபி டேட்டா இலவசமாகத் தந்தது. நல்ல உதவிதான். ஆனால் டேட்டா கார்டு டவரைக் கூட்டி வராது.

நேரலை வீடியோ ஒரு மணி நேரம் ஓடினால் அரை ஜிபிக்கு மேலேகூடப் போகும். அதே ஆசிரியர் பத்து நிமிடம் பேசி, 32 கேபிபிஎஸ் தரத்தில் ஒலிப்பதிவாக அனுப்பினால் இரண்டரை எம்பிகூட ஆகாது. சிக்னல் கிடைக்கும்போது இறக்கிவைத்து, இரவில் கேட்டுக்கொள்ளலாம். நீளமும் முக்கியம். எட்எக்ஸ் இணையப் பாடத் தளத்தில் 69 லட்சம் வீடியோ பார்வைகளை அலசி 2014-ல் வெளிவந்த ஆய்வில், வீடியோ எவ்வளவு நீளமானாலும் மாணவர்கள் ஊன்றிப் பார்த்த நேரத்தின் இடைநிலை அளவு (median) ஆறு நிமிடத்துக்குள்தான்.

எளிய வழி மட்டமான வழி என்று நினைக்க வேண்டாம். 1998-ல் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் புதுச்சேரிப் பகுதியில் கிராமத் தகவல் மையங்களைத் தொடங்கியது. வீராம்பட்டினத்தில் அலை உயரத் தகவலை இணையத்திலிருந்து எடுத்து, ஒலிபெருக்கியில் ஊருக்கே அறிவித்தார்கள். கணினியைத் தொடாத மீனவருக்கும் இணையம் போய்ச் சேர்ந்தது.

விலங்கியலில் உவர்நீர்ச் சூழலியல் என்று ஓர் அலகு இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். பழவேற்காட்டு நீரின் உப்பு மழைக்காலத்தில் நன்னீர் அளவுக்கு இறங்கும், கோடையில் கடலையே மிஞ்சும். முகத்துவாரம் மணலால் தூர்ந்தால் கதையே வேறு. பாடத்தின் கருத்துகளை எட்டு நிமிட ஒலிப்பதிவில் சொல்லிவிடலாம். அந்த வாரம் வீட்டு வலையில் என்ன இறால், என்ன நண்டு வந்தது என்று கேட்டு, ஒரு படமோ குரல் பதிவோ அனுப்பச் சொல்லலாம். கெடு ஒரு நாளாக இல்லாமல் ஒரு வாரமாக இருக்கட்டும். வகுப்பில் கூடும்போது அந்தப் படங்களை வைத்து வாதம் நடக்கட்டும். உப்புமானியைக் கையில் கொடுங்கள். வீட்டில் தனியாகச் செய்யக்கூடியது இணையத்துக்கு, ஆளும் கருவியும் தேவைப்படுவது வகுப்பறைக்கு. நாற்பதை இப்படிப் பிரிப்பதுதான் சரி என்பேன். பலர் தலைகீழாகச் செய்கிறார்கள்: விரிவுரை வகுப்பில், விவாதம் யாரும் எட்டிப் பார்க்காத வாட்ஸ்அப் குழுவில்.

இதற்கெல்லாம் நேரம் எங்கே என்று ஆசிரியர்கள் கேட்பார்கள், நியாயம்தான். உதவிப் பேராசிரியருக்கு வாரம் 16 மணி நேரம் வகுப்பு என்பது விதி. ஒலிப்பதிவு செய்யும் நேரமும், அறுபது பேர் அனுப்பும் குரல் பதிவுகளைக் கேட்கும் நேரமும் அந்தப் பதினாறுக்குள் வருமா என்பதைக் கால அட்டவணை போடும்போதே துறைத்தலைவரிடம் பேசி எழுதி வாங்குவது நல்லது. தொகுப்பூதியத்தில் இருக்கும் கௌரவ விரிவுரையாளர்கள் அவசியம் கேட்க வேண்டும்.