நாலாம் கட்டளையும் நாலு சுவர்களும்

தாய் தந்தையரைப் போற்றுக என்பது பத்துக் கட்டளைகளுள் நாலாவது. அது சிறுவர்க்கே உரியதென எண்ணி, ஞானோபதேச வகுப்போடு அதை மறந்துவிடுவோர் நம்மில் பலர். ஆயின், பிள்ளைகளுக்கு நரை தோன்றி, பெற்றோர் படுக்கையில் விழும் காலத்திலன்றோ அக்கட்டளையின் முழுப் பொருளும் விளங்குகிறது! 2020-ஆம் ஆண்டில் உலகை வாட்டிய கோவிட்-19 கொள்ளைநோய் இவ்வுண்மையை நமக்குக் கண்ணீரோடு கற்பித்தது. கானடா நாட்டு முதியோர் இல்லங்களில் நேர்ந்தவை, கிறிஸ்தவக் குடும்பம் ஒவ்வொன்றும் சிந்திக்கத் தக்கவை.

அந்நோயின் முதல் அலையில், 2020 மே மாத இறுதிவரை கானடாவில் மாண்டவருள் நூற்றுக்கு எண்பது பேருக்கு மேற்பட்டோர் இத்தகைய இல்லங்களில் வாழ்ந்த முதியோரே. மொந்ரியால் நகரையடுத்த டோர்வாலில் ஹெரான் என்னும் தனியார் இல்லம் இருந்தது. நோய் புகுந்ததும் பணியாளர் பலர் வராது போயினர். நூற்றுக்கு மேற்பட்ட முதியோரைப் பேண ஒரு சிலரே எஞ்சினர். சில வாரங்களில் அங்கு முப்பத்தொருவர் இறந்தனர். பசியும் தாகமும் அழுக்குமாய்க் கிடந்தோரின் செய்தி கேட்டு அந்நாடே தலைகுனிந்தது. பல இல்லங்களுக்கு இராணுவ வீரரை அனுப்பும் நிலை உண்டாயிற்று.

இவ்வளவுக்கும் காரணம் என்ன? நோயின் கொடுமை மட்டுமன்று. பல இல்லங்களில் ஓர் அறையில் இருவரும் நால்வரும் படுத்திருந்தனர். பணியாளரின் ஊதியமோ சொற்பம். ஆகவே, அவர்கள் வயிற்றுப்பாட்டுக்காக இரண்டு மூன்று இல்லங்களில் மாறி மாறி உழைத்தனர்; அவர்களோடு நோயும் இல்லம் விட்டு இல்லம் சென்றது. முகக்கவசங்கள் முதலில் மருத்துவமனைகளுக்கே போய்ச் சேர்ந்தன. முதியோர் இல்லங்கள் கடைசியில் நினைக்கப்பட்டன. அந்நிலையிலும் அஞ்சாது நின்று பணிபுரிந்து, அதனால் உயிர் நீத்த பணியாளரும் உண்டு. அவர்களை நாம் நன்றியோடு நினைக்கிறோம்.

நோயைப் போலவே தனிமையும் முதியோரை வாட்டிற்று. கியூபெக் மாநிலத்தில் 2020 மார்ச் 14-ஆம் நாள் முதல் இல்லங்களுக்குள் உறவினர் வரத் தடை விதிக்கப்பட்டது. நோயைத் தடுக்கும் நன்னோக்கமே அதன் காரணம். அதை நாம் குறைகூறவில்லை. ஆனால், நாள்தோறும் வந்து தாய்க்கு உணவூட்டிய மகளும், மனைவியின் தலைவாரிவிட்ட கணவனும் வெறும் விருந்தினரா? அவர்கள் செய்த பணியைச் செய்ய உள்ளே வேறு கைகள் இல்லை. நினைவு மங்கியவர்களுக்கோ, தம் பிள்ளைகள் ஏன் வரவில்லை என்பதே விளங்கவில்லை. கண்ணாடிச் சன்னலுக்கு அப்பால் அசைந்த கையைப் பற்ற முடியாது தவித்தவர் எத்தனை பேர்! உண்ண மறுத்து மெலிந்தவர் எத்தனை பேர்! ஒரு மாதம் கழித்து, ஏப்ரல் நடுவில், பராமரிக்கும் உறவினருக்கு மட்டும் மீண்டும் கதவு திறக்கத் தொடங்கிற்று. பலருக்கு அது காலங்கடந்த உதவி.

குருக்களும் எளிதில் உள்ளே செல்ல இயலவில்லை. நோயில் பூசுதலும் நற்கருணையும் பெறாமலே பலர் கண்மூடினர். அவர்களைத் திருச்சபை கைவிடவில்லை. 2020 மார்ச் 20-ஆம் நாள் வெளியான உரோமை ஆணை, திருவருட்சாதனம் பெற இயலாது மரிப்போரை இறை இரக்கத்திடம் ஒப்படைத்து, தக்க மனநிலையுடையோர்க்கு நிறைபலன் அளித்தது. மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ் 2021-ஆம் ஆண்டில், தாத்தா பாட்டியருக்கும் முதியோர்க்குமான உலக நாளை ஏற்படுத்தினார். அது சூலை மாதத்து நாலாம் ஞாயிறு.

பெத்சதா குளத்தருகே முப்பத்தெட்டு ஆண்டு கிடந்த மனிதனை நினைவுகூர்வோம். நலம்பெற விருப்பமா என ஆண்டவர் வினவியபோது, அவன் தன் நோயை விவரிக்கவில்லை. தனக்கு ஆளில்லை என்றே முறையிட்டான். முதியோரின் முறையீடு இன்றும் அதுவே.

பெற்றோரை இல்லத்தில் சேர்ப்பதே பாவம் என நாம் சொல்லவில்லை. சில குடும்பங்களுக்கு அது தவிர்க்க முடியாதது. ஆனால், கட்டணம் செலுத்துவதோடு கடமை தீர்ந்துவிடாது. அங்குள்ள பணியாளருக்கு நியாயமான கூலி கிடைக்கிறதா, இரவில் எத்தனை பேர் இருக்கிறார்கள் எனக் கேட்டறிய வேண்டும். மீண்டும் ஒரு கொள்ளைநோய் வருமாயின், தக்க பாதுகாப்போடு குடும்பத்தில் ஒருவரேனும் உள்ளே வர இசைவு உண்டா என்பதை இன்றே பேசி முடிவுசெய்க. நோயில் பூசுதலைக் கடைசி மூச்சுவரை தள்ளிப்போடாமல், நினைவு தெளிந்திருக்கையிலேயே பங்குக்குருவை அழைத்திடுக. எல்லாவற்றிற்கும் மேலாக, கதவு திறந்திருக்கும் இந்நாட்களில் அடிக்கடி சென்று, அவர்கள் அருகில் அமர்ந்து, கையைப் பற்றிக்கொள்ளுங்கள். நாலாம் கட்டளைக்கு இதைவிடச் சிறந்த விளக்கவுரை வேறில்லை.